காணிக்கைப் பையில் இரண்டு சீட்டு

டேனியின் மனைவி ப்ரீதா பதினோரு வருஷம் கழித்து முழுகாமல் இருக்கிறாள். அந்தச் செய்தி வெஸ்லினுக்குக் கிடைத்தது ஓசூர் சிப்காட்டில், கம்பெனி கேன்டீனில், காலை பத்து மணி டீக்கு வரிசையில் நின்றபோது. சொன்னது டேனியேதான்.

“மூணு மாசம் ஆச்சுடா வெஸ்லினு. இப்ப சொல்லலாம்னு நேத்துதான் ப்ரீதா சொன்னா. உனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு இருந்தன். அதுக்குள்ள இவனுங்க என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிட்டானுங்க.”

சுற்றி நின்றவர்கள் டேனியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லினும் கைகொடுத்தான். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று வாய் சொன்னது. சபையில் வளர்ந்தவர்களின் வாய் அப்படித்தான். மனம் எந்தச் சாக்கடையில் கிடந்தாலும் அது தன் வேலையைத் தவறாமல் செய்துவிடும். கைகொடுத்துவிட்டு அந்தக் கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டான். பொறாமையில் வயிறு எரிந்தது என்று எழுதுவது வழக்கம். வெஸ்லினுக்கு நிஜமாகவே எரிந்தது, மேல்வயிற்றில், இடதுபக்கம்.

ஏன் எரியாது? இந்தப் பதினோரு வருஷமும் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் குழந்தையில்லாமைதான். சொல்லவே அசிங்கமான ஆறுதல். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். டேனிக்கு இவனுக்கு முன்னால் பெர்மனன்ட் ஆனது, டேனி மத்திகிரிப் பக்கம் மனை வாங்கினான், பாடகர் குழுவில் இவன் பாடிக்கொண்டிருந்த தனிப்பாட்டு டேனிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் வெஸ்லின் வெந்தான். வெந்தபிறகு, ‘ஆனா கொழந்த இல்லையே’ என்று நினைத்துக்கொள்வான். ஆண்டவரே தன் தீர்ப்பில் ஏதோ பிசகு என்று கண்டுபிடித்து அதற்கு அடையாளம் காட்டுகிறார் என்று ஒரு எண்ணம். ஜெபக்கூட்டத்தில் டேனிக்கும் ப்ரீதாவுக்கும் குழந்தைப் பாக்கியம் வேண்டி எல்லாரும் கண்ணை மூடும்போது இவனும் மூடுவான். உதடு அசையாது.

எந்தத் தீர்ப்பு என்று கேட்பீர்கள்.

ப்ரீதாவின் அப்பா ஞானமுத்து சபையில் உபதேசியார். மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்தது. இரண்டு பேரும் ஒரே சபை, ஒரே ஐடிஐ, ஒரே கம்பெனி. டேனி கொஞ்சம் கறுப்பு, வெஸ்லின் கொஞ்சம் உயரம், வித்தியாசம் அவ்வளவுதான். உபதேசியாருக்கு மனுஷ மூளையில் நம்பிக்கை கிடையாது. மனுஷன் தேர்ந்தெடுத்தால் அதில் பாவம் கலந்துவிடும், தேவசித்தம் என்று ஒன்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது, நாம் அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்பார். மகளிடம் கேட்கலாமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, திருவுளச்சீட்டுப் போட்டார். காணிக்கை எடுக்கும் சிவப்பு வெல்வெட் பையில் இரண்டு சீட்டு. பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஜெபம் செய்து, கையை விட்டு ஒன்றை எடுத்தார். சீட்டை எட்டப் பிடித்துப் படித்தார். “டேனி.”

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விழாத சீட்டைப் பிரிக்கக் கூடாது. தோற்றவன் பெயரை ஆண்டவர் சந்நிதியில் வாசிப்பது அவனுக்கு அவமானம் என்று, அதை அப்படியே மெழுகுவர்த்தியில் காட்டி எரித்துவிடுவார்கள். உபதேசியார் எரித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெஸ்லின், தன் பெயர் எரிவதைப் பார்த்தான். சின்னப் புகை ஒன்று எழும்பியது. பதினோரு வருஷமும் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்தான். அவள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெயரும் பைக்குள் இருந்தது. பாதிக்குப் பாதி. கிழவரின் விரல் கொஞ்சம் இடதுபக்கம் போயிருந்தால் ப்ரீதா என் வீட்டில் இருந்திருப்பாள். கர்த்தர் சித்தம் வேறாக இருந்தது, நான் என்ன செய்ய?

இரண்டு வருஷம் கழித்து அவனுக்கும் கல்யாணம் ஆனது. எவாஞ்சலின், ப்ரீதாவின் தோழி. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. நல்ல குடும்பம். அதைப் பற்றி அவன் அதிகம் யோசிப்பதில்லை. கையில் இருப்பதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

டீ முடிந்து பத்தேகாலுக்கு வெஸ்லின் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனான். அவன் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். திங்கட்கிழமை தோறும் எல்லா பிரஸ்ஸிலும் லைட் கர்ட்டனைச் சோதிப்பது அவன் வேலை. இரும்புத் தகட்டை வைத்து அழுத்தி வடிவம் எடுக்கிற யந்திரம் அது. முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கும். ஆப்பரேட்டரின் கை அதைத் தாண்டி உள்ளே போனால், இறங்கிக்கொண்டிருக்கும் மேல் அச்சு அந்தரத்தில் நின்றுவிட வேண்டும். சோதிப்பதும் சுலபம். தகடு இல்லாமல் யந்திரத்தை ஓட்டி, கறுப்புக் குச்சியை உள்ளே நீட்டினால் அச்சு நிற்க வேண்டும்.

நீட்டினான். அச்சு நிற்கவில்லை. குச்சி நசுங்கியது.

இன்னொரு முறை பார்த்தான். நிற்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் எல்லாம் சரி என்று எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமே கிடையாது. ‘ஓட்டாதே’ என்கிற சிவப்பு டேக்கை மாட்ட வேண்டும், பூட்ட வேண்டும், சூப்பர்வைசர் சுபாஷிடம் சொல்ல வேண்டும். டேக் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தான். அப்போது பிரஸ்ஸின் பக்கத்தில் தொங்கிய பலகையைப் பார்த்தான். தகடு வரத் தாமதம், மத்தியானம் ஒண்ணேகாலுக்கு ஓட்டம், ஆப்பரேட்டர் டேனி.

டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெஸ்லின் நின்றான். டேனி சாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, அது சத்தியம். கை போக வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ‘எல்லாம் அவனுக்கே கிடைக்குதே’ என்று மட்டும் நினைத்தான். ‘கர்த்தருக்கு அவனப் புடிச்சிருந்தா, கர்த்தரே பாத்துக்கட்டுமே. அவருக்குத் தெரியாமயா இந்த மிஷின் கெட்டுப்போச்சு?’ நினைக்க நினைக்க அதில் ஒரு நியாயம் இருப்பது மாதிரி இருந்தது. தலைமுடிகூட அவர் அனுமதியில்லாமல் உதிராது என்றுதானே சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறான்? அப்படியானால் நடப்பது நடக்கும். நடுவில் வெஸ்லின் யார்?

தன் வேலையை ஆண்டவர் தலையில் கட்டுவதற்கு மனுஷனுக்கு எவ்வளவு பக்தி வந்துவிடுகிறது பாருங்கள்.

டூல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஒரு தாளைக் கிழித்து இரண்டு சீட்டு எழுதினான். ஒன்றில் ‘சொல்’. இன்னொன்றில் ‘சொல்லாதே’. நட்டு போல்ட்டு வைக்கிற டப்பாவைக் காலி செய்து உள்ளே போட்டான். கண்ணை மூடி ஜெபம் செய்தான். எடுத்தான்.

‘சொல்’ என்று வந்தது.

வெஸ்லின் அதைச் சற்று நேரம் பார்த்தான். டப்பாவைச் சரியாகக் குலுக்கவில்லை என்று தோன்றியது. சரியாகக் குலுக்காமல் எடுத்தால் அது தேவசித்தம் ஆகுமா? மறுபடி மடித்துப் போட்டு, நன்றாகக் குலுக்கி எடுத்தான். ‘சொல்லாதே.’ இப்போது ஒன்றுக்கு ஒன்று. மூன்றில் எது அதிகமோ அதுதான் முடிவு என்று ஆண்டவரிடம் ஒப்பந்தம் பேசிக்கொண்டு மூன்றாவது தடவை எடுத்தான். ‘சொல்லாதே.’

பெருமூச்சு வந்தது. தான் தீர்மானிக்கவில்லை, தீர்மானம் வந்தது, அவ்வளவே. சீட்டு இரண்டையும் டேக்கோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செக் ஷீட்டில் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கட்டத்தில் டிக் போடப் போனான், பேனா ஓடவில்லை. காலியாக விட்டுவிட்டான். சுபாஷிடம் போய் வயிற்றுவலி என்று சொல்லி அரைநாள் கேட் பாஸ் வாங்கினான். வயிற்றுவலி மட்டும் பொய் இல்லை.

அவன் வீடு உத்தனப்பள்ளியில், ராயக்கோட்டை ரோட்டில், சானமாவுக் காட்டைத் தாண்டி. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது எவாஞ்சலின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பசுமைக்குடிலில் ரோஜாவைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை. விடிவதற்கு முன் போய் மத்தியானம் திரும்புவாள். விரலெல்லாம் முள் கீறல்.

“என்னாங்க, இந்நேரத்துக்கு? ஒடம்புக்கு முடியலையா?”

“ஒண்ணுமில்ல. சோறு போடு.”

போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி பிசைந்தான்.

“டேனி பொண்டாட்டி முழுகாம இருக்காளாம்” என்றான்.

“தெரியும். போன வாரமே சொன்னா.”

“உங்கிட்ட போன வாரமே சொல்லிட்டாளா?”

“சொன்னா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் இருந்தன். சோறு எறங்காதுன்னு தெரியும். பாருங்க, எறங்கல.”

வெஸ்லினுக்குச் சுருக்கென்றது. “எனக்கென்னாடி? கர்த்தர் குடுக்கறாரு, வாங்கிக்கறான். எல்லாம் அவரு சித்தம். அன்னிக்கும் சீட்டு அப்பிடித்தான் வுழுந்துச்சு. வுழாம இருந்திருந்தா...”

அவன் முடிக்கவில்லை. ஒன்பது வருஷமாக இதே இடத்தில்தான் அந்த வாக்கியத்தை நிறுத்துவான். மீதியை எவாஞ்சலின் தனக்குள் முடித்துக்கொள்வாள்: வுழாம இருந்திருந்தா நீ இங்க இருந்திருக்க மாட்ட. அவளுக்கும் பொறாமை உண்டு. கட்டின புருஷன் தட்டில் தான் போட்ட சோற்றை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் வயிற்றை எண்ணிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்கு எரியாது? இத்தனை நாள் அடக்கியிருந்தாள். இன்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சீட்டு வுழலீங்க. அவ எழுதினா.”

“என்னா எழுதினா?”

“ரெண்டு சீட்டுலயும் டேனின்னு எழுதினா. அவங்கப்பாவுக்குக் கிட்டத்துல எழுத்து தெரியாது, நீயே எழுதும்மான்னு அவகிட்டதான் குடுத்தாரு. பிரிக்காம எரிச்சுருவாங்கன்னு அவளுக்குத் தெரியும். ஒங்க பேரு அந்தப் பைக்குள்ளயே போவல.”

வெஸ்லின் எழுந்தான். கையில் சோறு. “பொய் சொல்ற.”

“நான் ஏன் பொய் சொல்றன்? நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளே வந்து எங்கிட்ட அழுதா. ‘எங்கப்பா எங்கிட்ட கேக்கவே இல்லடி, கேட்டிருந்தா வாயால சொல்லியிருப்பன். கேக்காததால கையால சொன்னன். அவரு கர்த்தர் மேல பழி போட்டுட்டு உக்காந்திருக்காரு. பழி என்னுது. தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லு’ன்னா. தெரிஞ்சுதான் சரின்னு சொன்னன். இன்னொருத்திய நெனச்சிட்டு இருக்கறவர்னு தெரிஞ்சே சொன்னன். எனக்கு யாரும் சீட்டுப் போடல. ஒங்களத்தான் வேணும்னு கட்டிக்கிட்டன். அதுக்குப் பலன என்னிக்காவது நான் கர்த்தர் தலைல கட்டியிருக்கனா?”

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த புகை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாதிக்குப் பாதி இல்லை. கிழவரின் விரல் எந்தப் பக்கம் போயிருந்தாலும் டேனிதான். ஆண்டவர் அவனுக்கு எதிராக ஒன்றும் தீர்மானிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பிடித்தவனை அவள் எடுத்துக்கொண்டாள். சீட்டு என்பது மனுஷன் எழுதுவது. டூல் ரூமில் மூன்று தடவை டப்பாவைக் குலுக்கியதும் மனுஷன்தான்.

சுவரில் பன்னிரண்டு ஐம்பது.

“நான் வர்றன்” என்று கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தான்.

சானமாவில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. வனத்துறை ஆட்கள் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து யானை ரோட்டைத் தாண்ட வேண்டும், குட்டி ஒன்று தாண்டாமல் நிற்கிறது, யாரும் ஹாரன் அடிக்காதீர்கள் என்று ஒருவர் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மணி ஒன்று ஐந்து.

பிரஸ் ஓட இன்னும் பத்து நிமிஷம். டேனியின் போன் லாக்கரில் இருக்கும். ஆப்பரேட்டர்கள் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் சூப்பர்வைசரிடம் போன் உண்டு. வெஸ்லின் போனை எடுத்து சுபாஷின் பெயரைத் தொடப் போனான். என்னவென்று சொல்வது? நாலாம் நம்பரை ஓட்டாதீர்கள் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். காலையிலேயே பார்த்தேன் என்றால், ஏன் சொல்லவில்லை என்பார். அதற்குப் பதில்? போனை மறுபடி பையில் வைத்தான். யானை நகர்ந்துவிட்டால் இருபது நிமிஷத்தில் போய்விடலாம், யாருக்கும் தெரியாமல் டேக்கை மாட்டிவிடலாம், டேனி எப்போதும் முதல் கொஞ்ச நேரம் நிதானமாகத்தான் ஓட்டுவான். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டான். ‘ஆண்டவரே, இந்த யானைய நகத்தும்’ என்று ஜெபம்கூடச் செய்தான். யானை அவன் வண்டியைத்தான் மறித்திருந்தது. வாயை யாரும் மறிக்கவில்லை.

ஒன்றரைக்கு அவனாகவே போன் செய்தான். யானை இன்னும் நகரவில்லை. எது தன்னைச் செய்யவைத்தது என்று பிறகு யோசித்தபோதும் அவனுக்கு விளங்கவில்லை. பயம் அதிகமாகிவிட்டது, அவ்வளவே.

“சார், நாலாம் நம்பர் பிரஸ்...”

“ஒனக்கு யாருப்பா சொன்னா அதுக்குள்ள?” சுபாஷ் மூச்சிரைக்கப் பேசினார். “போச்சுப்பா. ரெண்டு வெரலு. பத்து நிமிசம் ஆச்சு. கர்ட்டன் வேல செய்யல. ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம்.”

“டேனிக்கா சார்?”

“டேனி எங்க இருந்தான்? பொண்டாட்டிக்கு ஸ்கேனுன்னு பன்னெண்டரைக்கே பர்மிஷன் போட்டுட்டுப் போயிட்டான். முனிராஜ் ஓட்டினான்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெஸ்லினுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? ‘இதுலயும் அவன் தப்பிச்சிட்டானே.’ வந்த எண்ணத்தைப் பார்த்து அவனே வெலவெலத்துப் போனான். முனிராஜ் யார்? பாகலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற காண்ட்ராக்ட் ஆள், இரண்டாம் நம்பர் பிரஸ், யார் வம்புக்கும் போகாதவன், டீ கொண்டுவந்தால் எல்லாருக்கும் கொண்டுவருபவன். வெஸ்லினின் பதினோரு வருஷக் கணக்கில் எங்குமே இல்லாத ஒருவன்.

ஆஸ்பத்திரியில் முனிராஜ் வலது கையில் பெரிய கட்டோடு படுத்திருந்தான். மயக்கம் பாதி தெளிந்திருந்தது. வெஸ்லினைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

“வேல விட்டுட்டு வந்தியாண்ணா?” என்றான். பிறகு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “நா தலராத அண்ணா. தலைல அப்பிடி எழுதியிருக்கு. யாரு என்னா பண்ண முடியும்?”

வெஸ்லின் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வராந்தாவில் டேனியும் ப்ரீதாவும் நின்றிருந்தார்கள். ஸ்கேனுக்கு வந்த இடத்தில் செய்தி கேட்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். டேனியின் கை அவள் தோளில் இருந்தது. அந்த நேரத்திலும் வெஸ்லினின் கண் முதலில் அந்தக் கையில்தான் போய் விழுந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

“நான் ஓட்ட வேண்டிய மிஷினுடா அது” என்றான் டேனி. கண் கலங்கியிருந்தது. “ஸ்கேன் மட்டும் இன்னிக்கி இல்லன்னா என் கைதான். கொழந்தைய வச்சு கர்த்தர் என்னக் காப்பாத்தினாரு.”

“அப்ப முனிராஜ?”

டேனி விழித்தான். “என்னா?”

“ஒன்னக் காப்பாத்தினவரு முனிராஜ என்னா பண்ணாரு?”

ப்ரீதா வெஸ்லினை நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவன் அவளை நேராகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. கேட்க ஆயிரம் இருந்தது. அவளுக்கு அவன்மேல் ஒன்றுமே இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த முகத்தில் அது பச்சையாகத் தெரிந்தது. எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கும். “ஒடம்பப் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

நாலு மணிக்கு சுபாஷ் தன் கேபின் கதவைச் சாத்திவிட்டு செக் ஷீட்டை மேஜைமேல் வைத்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. மூன்று மணி நேரத்தில் பத்து வயது கூடியது மாதிரி இருந்தார்.

“இங்க பாரு வெஸ்லினு. நாலாம் நம்பர் கட்டம் காலியா இருக்கு. வயித்துவலி, அவசரத்துல டிக் போட மறந்துட்ட. இப்ப போட்டுடு. காலைல நல்லா இருந்துச்சு, மத்தியானம் திடீர்னு போச்சு. மிஷினுன்னா போகத்தான் செய்யும். யாரு மேலயும் தப்பு இல்ல.”

“டிக் போடலன்னா சார்?”

“போடலன்னா நாம செக் பண்ணலன்னு ஆவும். அப்பறம் மேல இருக்கறவங்க முனிராஜ் கவனமில்லாம கைய வச்சான்னு அவன் தலைலதான் எழுதுவாங்க. டிக் போட்டா அவனுக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது. விதிப்பா. யாரு என்னா பண்ண முடியும்?”

இன்று இதை இரண்டாவது தடவையாகக் கேட்கிறான். யாரு என்னா பண்ண முடியும். முனிராஜ் அதைச் சொன்னான், அவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. சுபாஷ் சொல்லலாம், அவருக்கு ஒன்றும் தெரியாது. டேனி தனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னான். எல்லாரும் ஆளுக்கொரு பேர் வைத்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே வைக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு சின்ன டிக் போதும். ஆண்டவரோ, தலையெழுத்தோ, யந்திரமோ வாங்கிக்கொள்ளும்.

சுபாஷ் பேனாவை நீட்டினார்.

வெஸ்லினின் கை பேனாவுக்குப் போகவில்லை. சட்டைப் பைக்குப் போனது. இரண்டு சீட்டும் அங்கேதான் இருந்தன. விரல் அவற்றைத் தொட்டுத் தடவியது. எடுக்கலாம், ஒரே ஒரு தடவை, இந்தத் தடவை சரியாகக் குலுக்கி... சுபாஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்தான். இரண்டையும் பிரித்தான். மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீவிவிட்டான். இரண்டும் அவன் கையெழுத்துதான்.

“என்னாய்யா இது?”

“ஒண்ணுமில்ல சார். பேனா குடுங்க.”

காலிக் கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுத ஆரம்பித்தான். ‘காலை 10.15. லைட் கர்ட்டன் வேலை செய்யவில்லை. இரண்டு முறை சோதித்தேன். டேக் என் பையில் இருந்தது. மத்தியானம் டேனி ஓட்டப்போகிறான் என்று தெரிந்தே மாட்டவில்லை, சொல்லவில்லை. 1.05-க்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. முனிராஜ் மேல் தப்பு இல்லை.’

சுபாஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “டேய், பைத்தியமா ஒனக்கு? வேல போயிடும்டா. போலீஸு கேஸுன்னு ஆயிடும். ஏன்டா இப்பிடிப் பண்ண? டேனி ஒனக்கு என்னா பண்ணான்?”

“ஒண்ணும் பண்ணல சார்” என்றான் வெஸ்லின். “அவன் ஒண்ணுமே பண்ணல.”

அழுதுகொண்டே எழுதியதால் கடைசி வரி கோணலாகப் போயிருந்தது. பதினோரு வருஷமாக டேனியிடம் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பொருமியவனிடம் இப்போது டேனியிடம் இல்லாத ஒன்று இருந்தது. அந்தப் பழியில் யாருக்கும் பங்கு கிடையாது, ஆண்டவருக்குக்கூட. தாளை நேராக வைத்துக்கொண்டு, அன்று காணிக்கைப் பைக்குள் போகாத தன் பெயரை அடியில் முழுதாக எழுதினான்.